ஒருவகைப் பருந்து

பழந்தமிழ் நூல்களுக்கு எழுந்த உரைகளிலும் அகராதிகளிலும் மாணவர் அடிக்கடி காணும் தொடர்கள் சில உண்டு: 'ஒருவகைப் பறவை', 'ஒருவகைப் பருந்து'. எழால் என்ற சொல்லுக்கோ புல்லூறு என்ற சொல்லுக்கோ பொருள் தேடிச் செல்பவர் பெரும்பாலும் இத்தகைய தொடரோடு திரும்பிவிடுகின்றார். எந்த வகை என்று அவர் கேட்பதில்லை; கேட்டாலும் விடை கூறுவார் அரியர். இதனால் நம் இலக்கியக் கல்வி இழந்தது என்ன என்பதை ஈண்டு நோக்குவோம். அதற்குத் துணையாக நான் கொள்வது மற்றோர் இலக்கிய நூலையன்று. சிங்கப்பூர் வானில் நடைபெறும் ஒரு கணக்கெடுப்பையே.

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களைத் தமிழர் கூதிர் என்றனர். ஏறத்தாழ அதே பருவத்தில் சப்பான், சீனம் முதலிய வடநாடுகளிலிருந்து வேட்டைப் பறவைகள் தெற்கு நோக்கி வலசை வருகின்றன. அகன்ற சிறகுடையவை, வெயிலால் சூடேறி மேலெழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின்னர்ச் சிறகடியாமலே நெடுந்தொலைவு சறுக்கிச் செல்லும். கடலின்மேல் அத்தகைய காற்று எளிதிற் கிட்டுவதில்லை. ஆகவே அவை இயன்றவரை நிலத்தையே பற்றி வந்து, நிலம் முடியும் முனைகளில் திரள்கின்றன. 'தஞ்சோங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு நிலமுனை என்பதே பொருள். மார்ச்சுத் திங்களில் இப்பறவைகள் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து மலேசியக் கரைசேரும் இடத்தின் பெயர் தஞ்சோங் துவான். நம் தஞ்சோங் பகாரும் ஒரு முனையே. கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று அம்முனை புலப்படவில்லை என்பது வேறு செய்தி.

அதற்கு மேற்கே ஃபேபர் மலையையும் தெலுக் பிளாங்கா மலையையும் இணைக்கும் எண்டர்சன் பாலம், சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரத்தில் நிற்பது. அங்கும் தீவின் மேற்கு முனையான துவாசிலும் சிங்கப்பூர் இயற்கைக் கழகத்தைச் சார்ந்த ஆர்வலர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக இப்பறவைகளை நோக்கி வந்துள்ளனர். எண்ணுதல் எளிய தொழில் என நினைப்போர் ஒருநாள் அவர்களோடு நின்று பார்த்தல் வேண்டும். செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் இத்தீவிலேயே கூடுகட்டி வாழ்பவை. அவற்றைச் சேர்த்தால் வலசைக் கணக்கே பொய்யாகிவிடும். தேன்பருந்தோ நிறத்தால் ஏமாற்றும். ஒன்று கரியது, ஒன்று வெளியது, மற்றொன்று வரிகள் நிறைந்தது. ஆதலின் அதன் சிறிய தலையையும் நீண்ட வாலையும் கண்டே தெளிதல் வேண்டும். கூட்டம் வட்டமிடுங்கால் எண்ணினால் ஒரே பறவை இருமுறை கணக்கில் விழும். உயரம் எய்தி ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கத் தொடங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். தெளியாதவற்றை 'இனம் தெரியாதது' என்றே குறித்தல் வேண்டும். நம் உரைகளின் 'ஒருவகை'யும் இந்த 'இனம் தெரியாதது' என்பதும் ஒன்றல்ல. முன்னது வினாவை முடித்துவிடுகின்றது; பின்னது அதனை அடுத்தவர்க்கு விட்டுவைக்கின்றது.

வகை பிரித்து எண்ணுவதால் என்ன பயன் என்பார்க்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள பருந்துமலை தக்க சான்றாகும். வேட்டைக்காரர் பருந்துகளைச் சுட்டுக் குவித்த அம்மலையை 1934இல் ரோசலி எட்சு அம்மையார் காப்பிடமாக்கினார். அங்கே எண்ணியவர்கள் வெண்தலைக் கழுகுகளை வெறுந்தொகையாக எழுதாமல், முதிர்ந்தவை இத்தனை, இளையவை இத்தனை எனப் பிரித்தெழுதினர். நாளடைவில் இளையவை அருகிவந்ததை அவ்வேடுகள் காட்டின. பூச்சிமருந்தின் கேட்டினை உலகுக்கு உணர்த்திய ராச்சேல் கார்சன், 1962இல் வெளிவந்த 'மௌன வசந்தம்' என்னும் நூலில் அவ்வெண்களை எடுத்துக்காட்டினார். 'ஒருவகைக் கழுகு' என்று எழுதியிருந்தால் அச்சான்று கிடைத்திராது.

சங்கப் புலவர் இக்கூர்மை இல்லாதவரல்லர். குறுந்தொகையில், எழால் பாய்ந்ததும் துணையைக் காணாத பேடை ஒன்று குழலோசை போலக் கூவித் தவிக்கின்றது. அவ்விடத்துப் புலவர் பருந்து என்றோ கழுகு என்றோ பொதுவாகச் சொல்லாமல், பாய்ந்து தாக்கும் பறவையின் பெயரையே தேர்ந்துகொண்டார். பருந்தையும் கழுகையும் எருவையையும் இலக்கணத்தார் பாலைக்குரிய புட்களாக வகுத்தனர். 'பிணந்தின்னும் பறவை, ஆதலின் வறண்ட நிலத்துக்குரியது' என்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுகின்றோம். பாலையின் சிறுபொழுது நண்பகல் என்பதனைப் பருந்தோடு சேர்த்துப் பார்ப்பவர் சிலரே. நிலம் சூடேறிக் காற்று மேலெழும் பொழுது அது. பருந்து சிறகசையாமல் வானேறும் பொழுதும் அதுவே. பிரிவையும் வழிநடையையும் பாடும் திணையில் இப்பறவையை வைத்தவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் பாலைக்கு வேனிலே சிறந்த பெரும்பொழுதாதலின், அவர்கள் கண்டவை அந்நிலத்திலேயே வாழ்ந்த பருந்துகள் எனக் கொள்வது பொருந்தும். வலசையைப் பாட விழைந்தபோது பிசிராந்தையார் வடமலைக்குப் பெயரும் அன்னத்தை நாடினார். பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவர் நாரையை நாடினார்.

தமிழகத்தில் வேட்டைப் பறவையை மக்கள் எண்ணிய இடம் ஒன்றுண்டு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் இட்ட உணவை உண்டன. அவை காசியிலிருந்து வருவன என்பதும் ஒரு வழக்கு. பறவையியலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பர். 1990களில் அவற்றின் வருகை நின்றபோது ஊரார் உடனே உணர்ந்தனர். எண்ணும் பொழுதும் இடமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

நம் எழுத்துலகின்மேல் எனக்குள்ள குறை ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். கடல்கடந்து வந்த தமிழரை வலசைப் பறவை எனப் பாடுவது நம்மிடையே தேய்ந்த வழக்காகிவிட்டது. எந்தப் பறவை என்று கேட்டதும் உவமை தடுமாறுகின்றது. சப்பானில் குஞ்சு பொரிக்கும் தேன்பருந்துகளின் உடலில் கருவி பொருத்திச் செய்மதிவழி ஆராய்ந்தனர். அவை சீனம், இந்தோசீனம், மலாய்த் தீபகற்பம், சுமத்திரா வழியாகச் சாவா, போர்னியோ முதலிய தீவுகளுக்குச் சென்று, இளவேனிலில் மீள்வது தெரியவந்தது. தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர்க்கு அத்தகைய மீட்சி உறுதியாக இருந்ததா? சிலர் மீண்டனர், சிலர் மீள நினைத்தும் மீளாமலே மறைந்தனர், பலர் இங்கேயே குடும்பமாயினர். இவர்கள் அனைவரையும் ஒரே பறவையாக்கும் கவிதை, செம்பருந்தையும் தேன்பருந்தையும் ஒரே கோட்டில் எண்ணிய கணக்கை ஒக்கும். தங்கியவரைச் செம்பருந்து என்று பாடிய கவிதை ஒன்றும் இதுகாறும் என் கண்ணிற் படவில்லை.