கேப்டன் லட்சுமியும் ஆவணப்படச் சாட்சியமும்

போருக்குப் போய்வந்த ஒருவர் பிறகு அரசியலுக்கும் வந்துவிட்டால், ஆவணப்படக்காரர்கள் முதலில் தேடிப்போவது அவரைத்தான். அவருக்கு மேடைப் பழக்கம் உண்டு. ஊரும் பெயரும் தேதியும் நாக்கு நுனியில் இருக்கும், கேமராவைக் கண்டு கூசமாட்டார். இந்த வழக்கம் நமக்குத் தந்தது என்ன, தராமல் போனது என்ன? இதை எடைபோட, தமிழர்களுக்குக் கேப்டன் லட்சுமி சாகலை விடப் பொருத்தமானவர் இல்லை.

1914இல் சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1940இல் சிங்கப்பூர் போய் மருத்துவம் பார்த்தார். 1943இல் நேதாஜி அங்கே இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக ஜான்சி ராணி படையைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கான்பூரில் குடியேறி, 1971இல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1996இல் பெங்களூரில் நடந்த உலக அழகிப் போட்டியை எதிர்த்துப் போராடிக் கைதானபோது அவருக்கு 82 வயது. 2002இல் இடதுசாரிகளின் வேட்பாளராக அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார்.

இயக்குநர் கபீர் கான் 1999இல் எடுத்த 'தி ஃபர்காட்டன் ஆர்மி' ஆவணப்படத்தில் லட்சுமியும் குர்பக்ஷ் சிங் தில்லானும் வருகிறார்கள். போருக்குப் பின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது டெல்லியில் நடந்த செங்கோட்டை வழக்கில் கூண்டில் நிறுத்தப்பட்ட மூவரில் தில்லானும் ஒருவர். சிங்கப்பூரில் தொடங்கி இந்திய எல்லை வரை, தாங்கள் அன்று போன தடத்திலேயே இருவரும் முதுமையில் மறுபடி பயணம் போகிறார்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதை விட இது எவ்வளவோ மேலான முறை. இடத்தைக் கண்ணால் பார்க்கும்போது எழும் நினைவுக்கு, மேடையில் நூறு முறை சொல்லித் தேய்ந்த பேச்சில் இல்லாத உயிர் உண்டு. உடல் தளர்ந்த வயதிலும் இவர்கள் இசைந்து போனதற்கு, பொதுவாழ்வில் பழகிய மனத்திடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் படம் எடுக்கப்படாமல் போயிருந்தால் பெரிய இழப்பு. இதே இயக்குநர் 2020இல் இதே கதையை இணையத் தொடராகவும் எடுத்தார்.

ஆனால் ஜான்சி ராணி படையில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலானவர்கள் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பள்ளிக்கூடம் பாராதவர்கள் பலர். தளபதியோ ஆங்கிலம் படித்த மருத்துவர். அவருடைய தாய் அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். துணைத்தளபதியாக இருந்த ஜானகி ஆதி நாகப்பனும் வசதியான வீட்டுப் பெண்தான். பிற்பாடு மலேசிய இந்திய காங்கிரசில் பணியாற்றி, மேலவை உறுப்பினரானார். ஆக, நாம் தேடிப்போகும் இரண்டாவது குரலும் ஓர் அதிகாரியின் குரல், ஓர் அரசியல்வாதியின் குரல்.

பால்மரம் வெட்டிய பெண் எதற்காகத் துப்பாக்கி தூக்கினாள்? நாட்டுப்பற்று மட்டுமா? ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களில் அரிசிக்குத் திண்டாட்டம். ஆண்களைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்க் கொன்றுகொண்டிருந்தார்கள். கங்காணிக்கு அடங்கிக் கிடந்தவளுக்கு முகாமில் சீருடையும் சாப்பாடும், 'நீயும் ஒரு ஆள்' என்ற மதிப்பும் கிடைத்திருக்கலாம். இதைத் தளபதி ஊகித்துச் சொல்ல முடியும். அனுபவித்தவள் சொல்வது வேறு. ஆய்வாளர் வேரா ஹில்டிபிராண்ட் எஞ்சியிருந்த பெண்களைத் தேடிப்போய்ப் பேட்டி கண்டு 2016இல் வெளியிட்ட நூலில், அந்தப் படை போர்முனைச் சண்டையில் இறங்கவே இல்லை என்று எழுதினார். போர்க்களத்தில் பாய்ந்த வீராங்கனைகள் என்றே பழகிய நமக்கு அது கசக்கும். அதனால் அந்தப் பெண்களின் துணிவு ஒரு குன்றிமணியும் குறையவில்லை. ஆனால் எல்லோரையும் கேட்டிருந்தால் இந்த உண்மை நமக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. போரைப் பற்றிய படம் அந்த மனிதரைச் சீருடையிலேயே நிறுத்திவிடுகிறது. தொண்ணூறு வயதைத் தாண்டியும் கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த லட்சுமியும், கட்சிக்காரரான லட்சுமியும் நம் நினைவில் மங்கிப்போனதற்கு இதுவும் காரணம்.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் உண்டு. வியட்நாம் போருக்குப் போய்வந்த ஜான் கெர்ரி 2004இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது, அவரை உயர்த்தி ஒரு ஆவணப்படம், தாழ்த்தி ஒரு ஆவணப்படம் என இரண்டு வந்தன. முதல் படத்தை எடுத்தவர் அவருடைய நெடுநாள் நண்பர். போர் அங்கே ஓட்டுக்கான சரக்காகிவிட்டது. ஆவணப்பட இயக்குநர்கள் கென் பர்ன்சும் லின் நோவிக்கும் 2017இல் வியட்நாம் போரைப் பற்றி 18 மணி நேரத் தொடர் எடுத்தபோது கெர்ரியையும், அவரைப் போலவே போருக்குப் போய்வந்து அரசியல்வாதியான ஜான் மெக்கெய்னையும் பேட்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். பெயர் தெரியாத சிப்பாய்களும், வியட்நாமின் இரு தரப்புப் படையினரும் பேசினார்கள். தொடரின் பலமே அதுதான். ஆனாலும் இந்த விதியை எல்லா இடத்துக்கும் நீட்ட நான் ஒப்பமாட்டேன். லட்சுமியை விலக்கியிருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. அரசியல்வாதியான வீரர் பேசட்டும். அவர் மட்டுமே பேசும் படத்தை வரலாறு என்று ஏற்காமல் இருப்போம்.

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் பகுதி இளைஞர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்த தமிழர்கள் பெங்களூரைச் சுற்றிப் பரவலாக இருக்கிறார்கள். 1971 இந்திய-பாகிஸ்தான் போரைக் கண்டவர்கள் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் போனவர்களும் உண்டு. தமிழ் பேசும் சிப்பாய் யாழ்ப்பாணத்துத் தெருவில் துப்பாக்கியோடு நின்றபோது அவர் மனதில் என்ன ஓடியது என்பதை எந்தத் தலைவரும் நமக்குச் சொல்லப்போவதில்லை. சந்தாபுராவிலோ அத்திப்பள்ளியிலோ அப்படி ஒரு தாத்தா உங்கள் தெருவில் இருந்தால், முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். 1971இல் களத்தில் நின்ற எல்லோரும் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.