கெலவரப்பள்ளி நீரும் மூன்று நாள் சோதனையும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மதகுகள் திறக்கும்போது தென்பெண்ணை ஆற்றில் பொங்கும் வெண்ணுரை பல ஆண்டுகளாகத் தொடரும் தொல்லை. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு, பெங்களூரின் கிழக்குப் பகுதிக் கழிவுநீரையும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீரையும் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பற்றி எரிந்தது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இப்படிப்பட்ட நீரின் தரத்தைச் சொல்லும்படி ஆய்வகத்தைக் கேட்டால், அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடும் எண் உயிரிய ஆக்ஸிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் ஆற்றைப் பற்றிய வழக்கு எதுவும் முடிவுக்கு வராது.

பி.ஓ.டி. ஓர் உயிரியல் சோதனை. நீரிலுள்ள பாக்டீரியாக்களே அதில் அளவுகருவி. கழிவை அவை தின்று செரிக்கும்போது எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மாதிரி நீரை, ஆக்ஸிஜன் நிறைந்த தூய நீரோடு கலந்து நீர்க்கச் செய்வார்கள். பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, ஃபெரிக் குளோரைடு ஆகியவை அந்த நீரில் பாக்டீரியாவுக்கு ஊட்டம். காற்றுக்குமிழி இல்லாமல் புட்டியை மூடி இருட்டில் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் கரைந்த ஆக்ஸிஜனை அளப்பார்கள்.

அந்த அளவீட்டுக்கு ஹங்கேரி வேதியியலாளர் லயோஷ் விங்க்ளர் 1888இல் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. நீரில் மாங்கனீசு சல்பேட்டையும் காரங்கலந்த அயோடைடையும் விட்டால் வீழ்படிவு உண்டாகும்; ஆக்ஸிஜன் இருந்தால் அது பழுப்பாகும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். கந்தக அமிலம் சேர்த்ததும் பழுப்பு கரைந்து, ஆக்ஸிஜனுக்குச் சமமான அயோடின் வெளிவரும். ஸ்டார்ச் கரைசல் அதை நீலமாக்கும். பியூரெட்டிலிருந்து சொட்டும் சோடியம் தயோசல்பேட் அந்த நீலத்தை அழிக்கும் இடமே அளவு. கழிவுநீரில் நைட்ரைட் இருந்தால் அதுவும் அயோடினை விடுவித்து, இல்லாத ஆக்ஸிஜனை இருப்பதாகக் காட்டிவிடும். அதைத் தடுக்கவே சோடியம் அசைடு சேர்க்கப்படுகிறது. ஒவ்வொரு வினைபொருளும் ஒரு பிழையை முன்கூட்டியே யோசித்துச் சேர்க்கப்பட்டது. விலையுயர்ந்த கருவி இல்லாமல், பயிற்சி பெற்ற எவரும் எங்கும் செய்யக்கூடிய சோதனை இது. வீட்டுக் கழிவுநீரைப் பொறுத்தவரை இதற்கு ஈடான சோதனை அரிது.

இங்கிலாந்தில் கழிவுநீர் அகற்றல் பற்றிய அரச ஆணையம் 1912இல் வெளியிட்ட அறிக்கை, புட்டியை இருட்டில் வைக்க ஐந்து நாள் காலத்தை நிலைநிறுத்தியது. இந்திய வெப்பநிலைக்கு ஏற்ப இங்கே அது 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாளாக மாற்றப்பட்டது, சரியான மாற்றம்தான். நிலப்பரப்பு நீர்நிலையில் விடப்படும் கழிவுநீருக்கு வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். ஆனால் அந்த 30 என்ற கோடு, சோதனையின் கூர்மைக்கு மீறியது. ஆய்வகங்கள் தம்மைச் சரிபார்த்துக்கொள்ளக் குளுக்கோஸும் குளூட்டாமிக் அமிலமும் கலந்த கரைசலைப் பயன்படுத்துகின்றன. ஐந்து நாள் முறையில் அதற்குரிய மதிப்பு 198, அதில் 30.5 கூடினாலும் குறைந்தாலும் ஏற்கத்தக்கதே. அதாவது ஏறக்குறைய 15 விழுக்காடு. 28 வந்தால் தேர்ச்சி, 32 வந்தால் குற்றம் என்று ஒரே ஒரு புட்டியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இதைவிடப் பெரிய குறை, பாக்டீரியாவே அளவுகருவி என்ற அதே சிறப்பிலிருந்து பிறக்கிறது. ஓசூர்ப் பகுதியில் வாகன உதிரிபாகத் தொழிலோடு உலோக முலாம் பூசும் வேலையும் வளர்ந்திருக்கிறது. குரோமியம், நிக்கல், செம்பு கலந்த கழிவு பாக்டீரியாக்களை முடக்கும். முடங்கியவை ஆக்ஸிஜனைச் செலவழிக்காது; பி.ஓ.டி. தாழ்ந்து வரும். மிக நஞ்சான நீர் மிகத் தூய நீரைப்போல் தோன்றும் ஆபத்து இது. கவனமான ஆய்வகத்துக்கு இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு: கூடுதலாக நீர்க்கச் செய்யச் செய்யக் கணக்கிட்ட பி.ஓ.டி. ஏறிக்கொண்டே போனால், மாதிரியில் நஞ்சு இருக்கிறது. அறிக்கையில் ஒரே எண்ணை மட்டும் எழுதும் வழக்கம் இந்தத் தடயத்தை அழித்துவிடுகிறது. எத்தனை நீர்ப்பில் என்ன வந்தது என்பதையும் சேர்த்து எழுதினாலே பாதிக் குறை தீரும்.

மாதிரி எடுக்கும் நேரமும் கணக்கில் வர வேண்டும். பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிய தேக்கத்தில், வெயில் நேரத்தில் பாசி ஆக்ஸிஜனை வெளிவிடும். இரவில் அதுவே ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். மீன்கள் மூச்சுத்திணறிச் சாவது பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்பு. அலுவலக நேரத்தில் எடுத்த நீர் அதைக் காட்டாது. இரு மாநிலங்களும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் எடுத்த எண்களை எதிரெதிரே வைத்து வாதிடுவதும் இதே காரணத்தால் பயனற்றது. எல்லையில் ஒரே இடத்தில், ஒரே வேளையில் எடுத்துப் பிரித்துக்கொண்ட மாதிரிக்கே ஒப்பிடும் தகுதி உண்டு.

பாக்டீரியாவை நம்பாத சோதனை வேதி ஆக்ஸிஜன் தேவை, அதாவது சி.ஓ.டி. பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் கொதித்து, கரிமப் பொருளில் பெரும்பகுதியை எரித்துவிடும். வெள்ளி சல்பேட் அதற்கு ஊக்கி. குளோரைடின் குறுக்கீட்டை அடக்கப் பாதரச சல்பேட். நஞ்சு இருந்தாலும் எண் விழாது என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. வீட்டுக் கழிவுநீரில் பி.ஓ.டி. பொதுவாக சி.ஓ.டி.யில் பாதியை ஒட்டி நிற்கும். கால்பங்குக்கும் கீழே இறங்கினால் தொழிற்சாலைக் கழிவைச் சந்தேகிக்கலாம். சி.ஓ.டி. சோதனைக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு குடுவைச் சோதனையும் பாதரசம், வெள்ளி, குரோமியம் கலந்த அமிலத்தை மிச்சம் வைக்கிறது. அதைத் தனியே சேர்த்து அபாயக் கழிவாக ஒப்படைக்காத ஆய்வகம், அளக்க வந்த மாசைத் தானே கூட்டுகிறது.

இந்த இரண்டுமே மக்கள் கண்ணெதிரில் காணும் நுரையை அளப்பதில்லை. நுரைக்கு முதன்மைக் காரணம் சலவைப் பொருள்களிலுள்ள, முழுதும் சிதையாத பரப்பியங்கிகள். அவற்றுக்கு மெத்திலீன் நீலச் சோதனை இருக்கிறது: நீலச்சாயம் பரப்பியங்கியோடு இணைந்து குளோரோஃபார்ம் அடுக்குக்குள் இறங்கும், நிறத்தின் ஆழமே அளவு. பாசன நீருக்கான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'ஈ' வகுப்போ அமிலகாரத்தன்மை, மின்கடத்துதிறன், சோடியம் விகிதம், போரான் ஆகிய நான்கோடு நின்றுவிடுகிறது. பி.ஓ.டி., பரப்பியங்கி, கன உலோகம் எதற்கும் அங்கே இடமில்லை. நுரை பொங்கும் நீரும் பாசனத்துக்கு உகந்தது என்று சான்று பெறலாம். கெலவரப்பள்ளிக் கால்வாய் நீரை நம்பிக் காய்கறி பயிரிடும் உழவர்களுக்கு இது பெரும் அநீதி.

கழிவுநீர் விதிகளில் நல்லதொரு சோதனை ஏற்கெனவே உண்டு. நீர்க்கச் செய்யாத கழிவில் 96 மணி நேரம் கழித்தும் மீன்களில் 90 விழுக்காடு உயிரோடிருக்க வேண்டும். எந்த நஞ்சென்று தெரியாவிட்டாலும் நஞ்சு உண்டென்று அது சொல்லிவிடும். மீன்களைக் கொல்வது உறுத்தினால், 2013இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனம் ஏற்ற வரிக்குதிரை மீன் கருமுட்டைச் சோதனை மாற்றாக இருக்கிறது. ஆனால் நான்கு நாளில் மெதுவான நஞ்சு வெளிப்படாது. உலோகங்கள் நீரில் நில்லாமல் வண்டலில் படிகின்றன. வண்டலை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் பார்த்தால்தான் குரோமியமும் நிக்கலும் தெரியவரும். நீர்த்தேக்க வண்டலை உரமென்று வயலுக்கு அள்ளிச் செல்வது இங்கு வழக்கம். ஆகவே வண்டி ஏறும் முன்பே அந்த மண்ணின் முடிவை உழவர் கையில் தர வேண்டும்.