யார் கணக்கில் எழுதுவது?

சுசீந்திரம் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? மார்கழியில் ஊரே திரண்டு வடம் பிடிக்கும். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒரு காலத்தில் பல சாதியினர் நடக்கவே முடியாது. 1926-இல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் அங்கே சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு? ஓர் ஒப்பீடு ரொம்ப நாளாக நம்மைச் சுற்றி வருகிறது. 2005-இல் ஓர் ஆங்கில வார இதழில் எழுத்தாளர் அசோகமித்திரன் தமிழ் பிராமணர்களை யூதர்களோடு ஒப்பிட்டார். 2024 மார்ச்சில் டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டது. பிராமண இன அழிப்பைப் பேசிய பெரியாரை அவர் கொண்டாடுகிறார் என்று சொல்லி, பாடகிகள் ரஞ்சனி - காயத்ரி மியூசிக் அகாடமி விழாவிலிருந்தே விலகினார்கள்.

அசோகமித்திரன் கதைகள் எனக்கு உயிர். ஆனாலும் அந்த ஒப்பீடு தப்பு. 1516-இல் வெனிஸ் நகரம் யூதர்களைத் தனிக் குடியிருப்பில் ஒதுக்கி, ராத்திரியில் கதவைப் பூட்டியது. 1935-இல் ஹிட்லர் அரசு அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. பிறகு அறுபது லட்சம் பேரைக் கொன்றார்கள். சுசீந்திரத்தில் தெரு அடைபட்டது யாருக்கு? கோயிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கா, வெளியே நின்றவர்களுக்கா?

'சபாஷ்' என்று கை தட்டுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அந்தத் தெருவை அடைத்தது பிராமணர் மட்டும்தானா? நாஞ்சில் நாட்டின் மற்ற மேல்சாதிக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் பெயரை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறீர்கள்? நான் பி.காம். படித்தவன். நாலு பேர் செய்த செலவை ஒருத்தர் கணக்கில் எழுதினால் அதற்கு மோசடி என்று பெயர். யூத வெறுப்பு ஐரோப்பாவில் செய்ததும் இதே வேலைதான். பஞ்சமா, தோல்வியா, எல்லாவற்றையும் ஒரே சமூகத்தின் தலையில் கட்டியது. 'எதிர்ப்பது பிராமணியத்தை, பிராமணரை அல்ல' என்கிறார்கள். சரி. 2015-இல் சென்னையில் வயதானவர்களின் பூணூலை அறுத்தார்களே, அறுபட்டது எது? தத்துவமா, ஒரு கிழவரின் மானமா?

அமெரிக்கக் கறுப்பர் இயக்கத்துக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 1964-இல் மிசிசிப்பியில் கறுப்பர் ஓட்டுரிமைக்காக உழைத்துக் கொலையுண்ட மூன்று இளைஞர்களில் இருவர் யூதர்கள். இருபது வருஷம் கழித்து, ஜனாதிபதி வேட்பாளராக நிற்க முயன்ற ஜெஸ்ஸி ஜாக்சன், நியூயார்க்கை யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லால் குறிப்பிட்டார். முதலில் மறுத்தார். பிறகு யூதர் ஆலயத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அதனால் கறுப்பர்களின் கோரிக்கை பொய்யாகிவிடவில்லை. கோரிக்கை நியாயமானது என்பதால் அந்தச் சொல்லும் நியாயமாகிவிடவில்லை.

நம் ஊரிலும் 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் அழைத்துப் போனவர் வைத்தியநாத அய்யர். அவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அடுத்த முறை யாராவது 'இது இன வெறுப்பு' என்று கத்தினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். திட்டு விழுவது செய்த காரியத்துக்கா, பிறந்த பிறப்புக்கா? காரியத்துக்கு என்றால், குற்றம் சாட்டுகிறவர் விமரிசனத்துக்குப் பயப்படுகிறார். பிறப்புக்கு என்றால், திட்டுகிறவர் சுசீந்திரம் தெருவை மறுபடி அடைக்கிறார். இந்த முறை வேறு ஆட்களுக்கு.