திருவுளச் சீட்டு

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் எல்லையோர ஊரான காரோட்டில் ஒரே காரியத்துக்கு இரண்டு சொல் உண்டு. தாள்துண்டுகளில் எழுதிச் சுருட்டி, குலுக்கி, ஒன்றை எடுப்பதைத் தமிழில் திருவுளச் சீட்டு என்போம். மலையாளத்தில் அது நறுக்கெடுப்பு. வெட்டிய துண்டை எடுக்கிறார்கள், அவ்வளவுதான். பஞ்சாயத்துத் தேர்தலில் வோட்டு சமமானாலும் நறுக்கெடுப்பு, ஓணம் பம்பர் லாட்டரிக்கும் நறுக்கெடுப்பு. தமிழ்ச் சொல் மட்டும் அந்தத் தாளுக்குள் ஆண்டவனின் உள்ளத்தை வைத்துச் சுருட்டிவிடுகிறது.

பாறசாலையிலிருந்து களியக்காவிளை வரை சி.எஸ்.ஐ., லத்தீன் கத்தோலிக்கம், இரட்சண்ய சேனை, பெந்தெகொஸ்தே என்று சபைகள் நெருங்கிக் கிடக்கின்றன. உபதேசத்தில் ஒத்துப்போகாத இவர்கள், கல்யாணமோ கல்ஃப் வேலையோ நிலம் விற்பதோ வந்துவிட்டால் ஒன்றுபோலவே நடந்துகொள்கிறார்கள். கர்த்தருடைய சித்தம் என்னவென்று கேட்கிறார்கள். புத்தாண்டு இரவில் சபையில் எடுத்த, வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைத் திரும்பவும் வாசிக்கிறவர் உண்டு. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கிறவர் உண்டு. வேதத்தில் வரும் கிதியோனைப்போல அடையாளம் கேட்கிறவரும் உண்டு. கிதியோன் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. பனியில் போட்ட ஆட்டுத்தோல் நனைந்ததா காய்ந்ததா என்று அவன் பார்த்தது பயத்தினால். இதை மட்டும் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடிவதில்லை.

இந்தப் பழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கல்ஃப் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் போனில் “நாளைக்கே பணம் கட்டணும்” என்று அவசரப்படுத்தும்போது “ஜெபிச்சிட்டுச் சொல்லுறோம்” என்று சொல்லக் கிடைக்கிற இரண்டு நாள் சின்ன விஷயமல்ல. அந்த இரண்டு நாளில் ஏஜென்டின் லைசென்சை விசாரித்துத் தப்பிய வீடுகள் இருக்கின்றன. கல்யாண ஆலோசனையை மறுக்கவும் இதைவிட மரியாதையான வழி இல்லை. “செபிச்சுப் பாத்தோம், சமாதானம் கிட்டல்ல” என்றால் பெண் வீட்டாருக்கும் குறைச்சலில்லை, மாப்பிள்ளை வீட்டாருக்கும் கோபமில்லை.

ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நகை போதாதது, நிறம், தகப்பனின் கடன் எல்லாம் ‘சமாதானம் இல்லை’ என்ற ஒரே போர்வைக்குள் அடங்கிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனை பேர் எத்தனை நாள் உபவாசம் இருந்தாலும், எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் கர்த்தருடைய சித்தம் பெரும்பாலும் அவரவர் சாதிக்கு வெளியே கால் வைப்பதில்லை. பதில் எப்போதும் கேட்டவரின் வேலிக்குள்ளேயே விழுந்தால், கேள்வி வேலியைத் தாண்டவில்லை என்றுதானே பொருள்?

கேள்வி வேலியைத் தாண்டுகிறதா என்று சோதித்துப் பார்க்க நல்ல உதாரணம் ஒன்று எங்கள் கடற்கரையிலேயே தொடங்குகிறது. காரோட்டிலிருந்து கொஞ்சம் மேற்கே போனால் பொழியூர், பூவாறு. 1544 கடைசியில் சேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர் கரையின் மீனவ ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினார். அடுத்த சில மாதங்களில் அவர் மனம் கிழக்கே, இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மக்காசாருக்குத் திரும்பியது. யாழ்ப்பாண அரசன்மேல் போர்த்துக்கீசியர் எடுக்கவிருந்த படையெடுப்பு நின்றுபோக, நாகப்பட்டினத்திலிருந்து குமரி முனைக்குத் திரும்பப் பார்த்தார். எதிர்க்காற்று விடவில்லை. மயிலாப்பூருக்குப் போய், அப்போஸ்தலர் தோமாவின் கல்லறையருகே ஜெபித்துத் திருவுளம் கேட்டார். அங்கே நாலு மாதம் தங்கினார். ஆனால் 1545 மே 8 தேதியிட்ட கடிதத்திலேயே முடிவு வந்துவிட்டது. உள்ளத்தில் மிகுந்த ஆறுதலோடு தெளிவு கிடைத்தது என்கிறார். மலாக்காவுக்குக் கப்பல் இல்லாவிட்டால் கட்டுமரத்திலாவது போவேன் என்கிறார். மீதி மாதங்கள் கப்பலுக்கான காத்திருப்பு.

பங்குனி சித்திரையில் அந்தக் கரையில் தெற்குக் காற்று எழும்பும் என்று எந்தப் பரதவரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். சவேரியாரும் காற்றை மட்டும் நம்பி முடிவெடுக்கவில்லை; அதுதான் அவர் நம்மில் பலரைவிட மேலான இடம். காற்று அவரை ஜெபிக்கும் இடத்துக்குத் தள்ளியது, பதிலாக ஆகவில்லை. அவர் பழகிய பள்ளி அப்படி. சேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலாவே முன்பு ஒருமுறை, தன்னோடு வாதாடிவிட்டுப் போனவனைத் துரத்திக் குத்துவதா வேண்டாமா என்பதைக் கோவேறு கழுதையின் இஷ்டத்துக்கு விட்டவர். நல்லவேளை, கழுதை வேறு பாதையில் திரும்பியது. பிறகு எழுதிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் கழுதைக்கு இடமில்லை. சந்தேகத்துக்கே இடமின்றி மனம் இழுக்கப்படுவது, ஆறுதலும் சோர்வும் மாறி வருவதைக் கவனிப்பது, அமைதியான நேரத்தில் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்பது என்று மூன்று வேளைகளைச் சொல்கிறார். முன்பின் தெரியாத ஒருவனுக்கு இதே நிலையில் என்ன ஆலோசனை சொல்வாய் என்று யோசிக்கவும் சொல்கிறார். வாக்குத்தத்த அட்டையைவிட இது கடினம். நேரம் பிடிக்கும்.

மக்காசாருக்குச் சவேரியார் போய்ச்சேரவே இல்லை. மலாக்காவில் காத்திருந்தார், அங்கிருந்து செய்தி வரவில்லை, 1546 தொடக்கத்தில் அம்போன் தீவுக்குக் கப்பலேறினார். இதை வைத்து அவர் கேட்டது பொய் என்று சொல்ல மாட்டேன். மனிதன் ஊர்ப்பெயர் வரைக்கும் தெளிவு கேட்பதுதான் அதிகப்படி. என் குறை வேறு. புதிதாக ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பத்தாயிரம் பேர் மயிலாப்பூர் ஜெபத்தில் கேள்வியாகவாவது நின்றார்களா? போதிக்க ஆள் மிகக் குறைவாக இருந்த கரை அது. வழிநடத்துதல் ஒருவருக்கு, அதன் பாரம் பூவாற்றுக்காரருக்கும்.

ஒருவர் கேட்ட பதிலின் பாரம் இன்னொருவர்மேல் விழுவது கல்யாணத்திலும் உண்டு. தரங்கம்பாடி அருகே 1760இல் குடியேறிய மொராவியர் என்ற புரொட்டஸ்டன்ட் பிரிவினரின் சபையில் கல்யாணத்துக்கே சீட்டுப் போட்டார்கள். கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனாலும் சீட்டில் வந்த வரனை மறுக்க அங்கே பெண்ணுக்கு உரிமை இருந்தது. 1818இல் கூடிய அவர்கள் பேரவை பொது உறுப்பினர்களுக்கு அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. எங்கள் ஊரில் சீட்டும் இல்லை, கட்டாயமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் பாஸ்டரும் ஜெபித்துச் சமாதானம் பெற்ற பிறகு, அடுக்களையில் நிற்கிற பெண்ணிடம் “உனக்கும் சம்மதம்தானே மக்களே” என்று கேட்கிறார்கள். அந்த ‘தானே’ இல்லாத கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை.

பிறர் ஜெபத்தில் முடிவாகிப்போன ஒருவர் சவேரியார் கதையிலும் உண்டு. சவேரியார் இந்தத் திருவிதாங்கூர் கரையைத் தன் தோழர் பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். 1546இல் அம்போனிலிருந்து அவருக்கும் உத்தரவு வந்தது: மொலுக்கத் தீவுகளுக்குப் புறப்பட்டு வா. மன்சிலாஸ் போகவில்லை. சவேரியார் அவரை சேசு சபையிலிருந்து நீக்கிவிட்டார். ஒருவர் ஜெபத்தில் கேட்டது இன்னொருவருக்குக் கட்டளையாக மாறிய இடம் இது. சவேரியாரின் கடிதங்களில் நாம் வாசிப்பது ஒரு பக்கத்து ஜெபத்தை மட்டும். மன்சிலாஸ் கேரளத்திலேயே தங்கினார். சவேரியார் இறந்தபின் அவருடைய புனிதத்தைப் பற்றிக் கொச்சியில் விசாரணை நடந்தபோது, அவருக்காகச் சாட்சி சொன்னவர்களில் மன்சிலாசும் ஒருவர்.