எந்திரனின் ஏக்கம்: தோட்டப்புறத்திலிருந்து ஒரு வாசிப்பு

ஷங்கர் இயக்கத்தில் 2010 அக்டோபர் முதல் நாள் வெளிவந்த ‘எந்திரன்’ மலேசியத் தமிழருக்கு அயலான படமன்று. அதன் பாடல்கள் அவ்வாண்டு சூலையில் புத்ராஜெயாவில்தான் வெளியிடப்பெற்றன. ரஜினிகாந்தின் இரட்டை வேடமும் கணினி வரைகலையும் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டன. படத்தின் மையமான வினாவோ அவற்றினும் பழையது: உழைப்பதற்கென்றே ஆக்கப்பட்ட ஒன்றுக்கு ஏக்கம் வந்துவிட்டால் அதன் உடைமையாளர் என்ன செய்வார்?

‘ரோபோ’ என்னும் சொல்லே இவ்வினாவைச் சுமந்து நிற்கின்றது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தின்வழி அது உலக வழக்கிற்கு வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ படைத்த ஜீனோ, படிக்கவும் சிந்திக்கவும் வல்ல இயந்திர நாய். இப்படத்தின் உரையாடலிலும் சுஜாதாவுக்குப் பங்குண்டு. படம் முடியுமுன் 2008இல் அவர் மறைந்தார். ஜீனோவின் அறிவு வேட்கை சிட்டியிடம் காதல் வேட்கையாகச் சுருங்கியது இழப்பே.

ஆயினும் சிட்டி இருமுறை சிதைக்கப்படுவதைக் கூர்ந்து நோக்க வேண்டும். இராணுவத்தினர்முன் திறன் காட்ட வேண்டிய வேளையில் அவன் காதலைப் பேசுகிறான், வேலைக்கு உதவாதவனாகிறான். வசீகரன் அவனைக் கோடரியால் வெட்டிக் குப்பையில் எறிகிறான். அதுவரை சமைத்தவன், காவல் காத்தவன், சனாவின் தேர்வுக்குத் துணைநின்றவன் அவன். ஏக்கம் கொண்டதே குற்றமாயிற்று. நீதிமன்ற ஆணைப்படி நிகழும் இரண்டாம் சிதைவில் அவன் தன் உறுப்புகளைத் தானே கழற்றுகிறான். நூறு உருவங்கள் பாம்பாகவும் பந்தாகவும் திரளும் ஆரவாரத்தைவிட இவ்வமைதியான காட்சியே படத்தின் உயரம் எனலாம்.

கேமரன் மலையில், கியா பார்மை அடுத்த சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைக் கண்டோர்க்கு இக்காட்சி வேறு பொருள் தரும். விரல்களால் கொழுந்தெடுத்த வேலையை இன்று கத்தரிகளும், இருவர் இருபுறமும் பிடித்து நகர்த்தும் இயந்திரங்களும் செய்கின்றன. அவற்றைப் பிடித்திருப்போருள் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர். பெரட்டுக் களத்தில் கணக்கிடப்பட்டது கைகளின் எண்ணிக்கை. அக்கைகளுக்குரியோர் விட்டுவந்த ஊரை நினைத்தனரா என்பதற்குச் செக்ரோலில் கட்டமில்லை. இயந்திரம் மனிதனாவதைக் கற்பனை செய்யும் படம், மனிதர் இயந்திரமாக எண்ணப்பட்ட இவ்வரலாற்றின் அருகில் வந்தும் அதனைத் தொடவில்லை. வசீகரனின் உடைமையுரிமையை எவரும் வினவாதது திரைக்கதையின் பெருங்குறை.

2030இல் அருங்காட்சியகத்தில் கழற்றி வைக்கப்பட்ட சிட்டி, சிந்திக்கத் தொடங்கியதே தன் நிலைக்குக் காரணம் என ஒரு சிறுமியிடம் கூறுகிறான். படம் அங்கு நின்றது சிறப்பு. 2018இல் வந்த ‘2.0’ அதனைக் குலைத்துவிட்டது. பட்சிராஜனை அடக்க ஆள் தேவைப்பட்டதும் சிட்டி மீண்டும் பூட்டப்படுகிறான். அவன் ஏங்கிய சனா, வசீகரனோடு தொலைபேசியில் பேசும் குரலாக மட்டுமே வருகிறாள். சிட்டிக்குத் துணையாக நிலா என்னும் மற்றோர் இயந்திரம் தரப்படுகின்றது.