குர்ரி குர்ரி: 10 மணி நேர இருப்பு

உச்ச நேர மின்நிலையத்தை ஆண்டு உற்பத்தியைக் கொண்டு எடைபோடுவது பிழையான முறை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அரசு நிறுவனமான ஸ்னோயி ஹைட்ரோ கட்டிய குர்ரி குர்ரி எரிவாயு நிலையம் தன் திறனில் 2 விழுக்காடே பயன்படும் என்றது சுற்றுச்சூழல் அறிக்கை. ஆண்டுக்கு முழுத்திறனில் ஏறத்தாழ 175 மணி நேரம். எதிர்த்தவர்கள் இதையே குற்றமாக்கினார்கள். குற்றமல்ல, அவ்வகை நிலையத்தின் இயல்பு அது. அந்த மணி நேரங்களில் நிலையம் தயாராக இருக்குமா, எரிபொருள் கிடைக்குமா என்பவையே உரிய கேள்விகள்.

சுழலித் தேர்வில் குறையில்லை. திறந்த சுழற்சிமுறை எரிவாயுவைக் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் விரைவில் தொடங்கும், விரைவில் நிற்கும். இவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு அதுவே பொருத்தம். மூடிக்கிடந்த அலுமினிய உருக்காலையின் நிலத்தைத் தேர்ந்ததும் விவேகமே.

தேவையை நிறுவிய முறைதான் தளர்வு. மூடவிருந்த லிடல் நிலக்கரி நிலையத்துக்கு ஈடாக 1,000 மெகாவாட் வேண்டும் என்றது அன்றைய ஒன்றிய அரசு. மின்சந்தையை இயக்கும் அமைப்பு 2020இல் கணக்கிட்ட பற்றாக்குறையோ 154 மெகாவாட். இந்த இடைவெளிக்கு ஏற்கத்தக்க விளக்கம் வராமலே 2021 மே மாதம் 660 மெகாவாட் நிலையத்துக்கு 60 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் லிடல் மூடியபோது குர்ரி குர்ரி தயாராகவில்லை. மாநிலம் இருளில் மூழ்கவுமில்லை. அடுத்த ஆண்டில் செலவு மதிப்பீடு 130 கோடியை எட்டியது.

இவற்றைவிடக் கனமான குறை எரிபொருள் ஏற்பாட்டில் இருக்கிறது. இருக்கும் குழாய்வழி முழு ஓட்டத்துக்குப் போதாததால், எரிவாயுவைத் தேக்கிவைக்கத் தனிக் குழாய் பதித்தார்கள். அதில் அடங்குவது சுமார் 10 மணி நேர இருப்பு. மாலை உச்சத்துக்கு அது தாராளம். ஆனால் மாலை உச்சத்தைப் பேட்டரிகள் கைப்பற்றி வருகின்றன. எரிவாயுவுக்கு எஞ்சும் களம், காற்றும் வெயிலும் சேர்ந்து குன்றும் குளிர்கால நாள்களே. தென்மாநில வீடுகள் கணப்புக்கு எரிவாயுவை மிகுதியாக இழுக்கும் நாள்களும் அவைதாம். இருப்பு கரைந்தால் டீசலே கதி.

உச்ச நேர எரிவாயு நிலையங்களே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. 2050இல் சுமார் 15,000 மெகாவாட் எரிவாயுத்திறன் தேவை என்று அதே சந்தை அமைப்பின் 2024 திட்டம் சொல்கிறது. அந்த வாதம் வலுவானது. குர்ரி குர்ரி அதற்குச் சான்றாகாது. அடுத்த நிலையத்துக்கு ஒப்புதல் கேட்டு வருவோரிடம், மெகாவாட் கணக்குக்கு முன், காற்றில்லாத குளிர்கால ஜூலையின் மூன்றாம் இரவில் எரிவாயு எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.