இரவலும் சொந்தமும்

எழுதுகிறவர்களுக்குள் ஓயாமல் நடக்கிற வழக்கு ஒன்று உண்டு. ஒருவன் வரியை மற்றொருவன் எடுத்துக்கொண்டான் என்பதுதான் அது. பழைய ஜப்பானில் ஒரு கவிஞர் இதற்கு வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னார். எடுக்கலாம், ஆனால் எங்கிருந்து, எவ்வளவு, எதற்காக என்பதில் கண்டிப்பு வேண்டும் என்றார். அவர் பெயர் ஃபுஜிவாரா தெய்க்கா (1162-1241).

அவர் கையாண்ட வாக்கா என்ற கவிதை வகை மிகச் சிறியது. ஐந்தே அடிகள், 5, 7, 5, 7, 7 என்று மொத்தம் 31 ஒலிகள். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். இந்தக் குறுகிய இடத்துக்குள் பழைய கவிதை ஒன்றின் அடியை வைத்துவிட்டால், அந்தக் கவிதை முழுவதுமே பின்னால் வந்து நிற்கும். ஹொங்காதொரி என்று இந்த உத்திக்குப் பெயர்.

தெய்க்கா விதித்த எல்லைகள் கவனிக்கத்தக்கவை. பழைய கவிதையின் ஐந்து அடிகளில் மூன்றை எடுப்பது அதிகம். இரண்டு அடியும் மேலே மூன்று நான்கு ஒலிகளும் போதும். பருவத்தைப் பாடிய கவிதையிலிருந்து எடுத்தால் காதலுக்கோ வேறு பொருளுக்கோ மாற்றிக்கொள்வது நல்லது. சமீப காலத்தவர் சொல்லை, எழுபது எண்பது வருஷத்துக்கு உட்பட்டதைத் தொடவே கூடாது. சொல் பழையதாக இருக்கட்டும், உணர்ச்சி புதியதாக இருக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

அவரே இதைச் செய்து காட்டினார். வசந்த கால இரவு பற்றிய பிரசித்தமான கவிதை ஒன்றில், முரசாக்கி ஷிகிபு எழுதிய 'கெஞ்சியின் கதை'யின் கடைசி அத்தியாயத் தலைப்பை அப்படியே எடுத்து வைத்தார். அந்தப் பெரிய நாவல், பிரிந்தவர்கள் சேராமலே நின்றுபோகிறது. அதைப் படித்தவனுக்கு ஒரு விடியற்காலைக் காட்சி பெரியதொரு பிரிவாகிவிடுகிறது. படிக்காதவனுக்கு அது வெறும் மலையும் மேகமுந்தான்.

இந்தக் கலையின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. மரபு கவிஞனிடத்தில் மட்டும் இருந்தால் போதாது. வாசகனுடைய ஞாபகத்திலும் இருக்க வேண்டும். தெய்க்கா காலத்து அரண்மனையில் அந்த ஞாபகம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதனால்தான் அவரும் சேர்ந்து தொகுத்த 'ஷின் கொக்கின்ஷூ' (1205) அவ்வளவு செழிப்பாக அமைந்தது. பின்னால் அவர் சந்ததியார் மூன்று குடும்பங்களாகப் பிரிந்து, கவிதையின் வாரிசுரிமைக்குப் போட்டியிட்டார்கள். பழைய தொகுதியான 'கொக்கின்ஷூ'வின் சொற்களுக்குப் பொருள் சொல்வதுகூடக் குருவிடமிருந்து சிஷ்யனுக்குப் போகும் ரகசியமாயிற்று. பொதுச் சொத்தாக இருந்த மரபுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. விதிகள் கவிதையைக் கெடுத்தன என்று சொல்வது சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. சாவியை ஒளித்து வைத்ததுதான் கெடுத்தது.

ஆனால் சாதாரண ஜனங்கள் இதற்கு ஒரு பரிகாரம் செய்திருக்கிறார்கள். நூறு கவிஞர்களிடமிருந்து ஆளுக்கு ஒன்றாகத் தெய்க்கா தேர்ந்தெடுத்ததாகக் கருதப்படும் தொகுதி, இன்றும் ஜப்பானியப் புத்தாண்டில் சீட்டு விளையாட்டாக நடக்கிறது. கவிதையின் முதற்பாதியைக் கேட்டதும் பிற்பாதி எழுதிய சீட்டை எடுக்க வேண்டும். பண்டிதர்கள் பெட்டியில் வைத்துக் காத்ததைவிட, குழந்தைகள் பாயில் உட்கார்ந்து காத்தது அதிகம்.

களவுக்கும் சுவீகாரத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதில் தெரிந்துவிடுகிறது. திருடன், எடுத்த இடம் யாருக்கும் தெரியக்கூடாதே என்று பயப்படுகிறான். கவிஞனோ, தெரியாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறான்.